கலீஃபாவின் வீட்டுக் கணக்கு: உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) வாழ்வில் சிக்கனம்





மாதத்தின் முதல் வாரத்தில் கையில் இருந்த பணம் கடைசி வாரத்தில் எங்கே போனது என்று கேட்டால், நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. பெரிய செலவு எதுவும் செய்யவில்லை என்போம். ஆனால் பணம் இருக்காது. பத்து வருடங்களுக்கு முன் இருந்ததைவிடச் சம்பளம் கூடியிருக்கும். வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளை பணம் அனுப்பியிருப்பான். கடையில் வியாபாரமும் ஓடியிருக்கும். அப்படியிருந்தும் வீட்டில் திடீரென்று ஒரு ஆபரேஷன் என்றாலோ, மகளுக்கு நிக்காஹ் முடிவானாலோ, நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடுகிறோம். வட்டி ஹராம் என்று தெரிந்தே அதில் போய்த் தலையைக் கொடுக்கிறோம்.

சிக்கனத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், அது கையில் காசு இல்லாதவருக்குச் சொல்ல வேண்டிய பேச்சு என்று வசதி உள்ளவர் நினைப்பார். எனக்கு வருவதே போதவில்லை, இதில் எங்கே மிச்சம் பிடிப்பது என்று வசதி இல்லாதவர் நினைப்பார். ஆக, இருவருமே காதில் வாங்குவதில்லை. அதனால் இன்று ஓர் ஏழையின் வாழ்க்கையை நான் எடுத்துக்கொள்ளவில்லை. செல்வத்தில் பிறந்து, செல்வத்தில் வளர்ந்து, தன் காலத்தின் மிகப் பெரிய ஆட்சி கைக்கு வந்த அன்றைக்குச் சிக்கனத்தை ஆரம்பித்த ஒருவரின் வாழ்க்கையைப் பார்ப்போம். அவர்கள்தான் உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள்.

பால்காரப் பெண்ணின் வம்சம்

அவர்களுடைய தந்தை அப்துல் அஸீஸ் பின் மர்வான், இருபது வருடங்கள் எகிப்தின் ஆளுநராக இருந்தவர். உமைய்யா ஆட்சிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தாயார் உம்மு ஆஸிம், உமர் பின் கத்தாப் (ரலி) அவர்களின் மகன் ஆஸிமுடைய மகள்.

அந்த ஆஸிம் அவர்களின் திருமணத்தைப் பற்றி ஒரு செய்தி நமக்கெல்லாம் தெரியும். உமர் (ரலி) அவர்கள் இரவில் மதீனாவின் தெருக்களைச் சுற்றி வரும்போது, ஒரு வீட்டில் தாய் தன் மகளிடம் பாலில் தண்ணீர் கலக்கச் சொல்கிறாள். கலீஃபா தடை செய்திருக்கிறாரே என்று மகள் மறுக்கிறாள். உமர் இப்போது பார்க்கவா போகிறார் என்று தாய் கேட்க, உமருடைய இறைவன் பார்க்கிறான் என்ற பொருளில் மகள் பதில் சொல்கிறாள். அந்தப் பெண்ணைத்தான் உமர் (ரலி) அவர்கள் தம் மகன் ஆஸிமுக்கு மணமுடித்து வைத்தார்கள். அந்த வம்சத்தில் ஹிஜ்ரி அறுபதுகளின் தொடக்கத்தில் பிறந்தவர்கள்தான் நாம் பேசிக்கொண்டிருக்கும் உமர் (ரஹ்) அவர்கள்.

தந்தை எகிப்தில் இருந்தாலும், மகன் கல்வி கற்பதற்காக மதீனாவில் தங்கினார்கள். அங்கே அவர்களைக் கவனித்துக்கொண்ட ஆசிரியர் ஸாலிஹ் பின் கைஸான். ஒரு நாள் சிறுவர் உமர் தொழுகைக்குத் தாமதமாக வந்தார்கள். காரணம் கேட்டபோது, தலைமுடியைச் சீவி முடிப்பதில் நேரம் போய்விட்டது என்று தெரிந்தது. ஆசிரியர் இதை எகிப்திலிருந்த தந்தைக்கு எழுதினார். தந்தை ஓர் ஆளையே அனுப்பி, மகனுடைய தலையை மழித்துவிடச் செய்தார். அலங்காரம் தொழுகையைத் தாண்டிப் போய்விடக் கூடாது என்ற கண்டிப்பு அந்தத் தந்தையிடம் இருந்தது.

ஆடம்பரம் அறிந்த மனிதர்

ஆனாலும் இளமையில் அவர்கள் எளிமையாக வாழ்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. கலீஃபா அப்துல் மலிக்கின் மகள் ஃபாத்திமாவை மணந்தார்கள். ஹிஜ்ரி 87இல், இருபத்தைந்து வயதை ஒட்டிய இளமையில், மதீனாவின் ஆளுநராக நியமிக்கப்பட்டார்கள். அப்போது அவர்களுடைய சாமான்கள் முப்பது ஒட்டகங்களில் வந்து இறங்கின என்று நூல்களில் பதிவாகியுள்ளது. அவர்கள் நடந்து போன பாதையில், போன பிறகும் நறுமணம் வீசுமாம். அவர்கள் நடக்கும் நடையைப் பார்த்துப் பிறர் அதே மாதிரி நடந்து பழகுவார்களாம்.

நிர்வாகத்தில் அவர்கள் நல்லவர்களாகவே இருந்தார்கள். மதீனாவின் பத்து ஃபுகஹாக்களை அழைத்து, அவர்களைக் கலந்தாலோசித்தே முடிவெடுப்பேன் என்று அறிவித்தார்கள். மஸ்ஜிதுன் நபவியை விரிவாக்கும் பணியும் அவர்களுடைய மேற்பார்வையில்தான் நடந்தது. தொழுகையாளி, அறிவாளி, நீதியாளர். ஆனால் உடையிலும் வாசனைத் திரவியத்திலும் மட்டும் கை தாராளம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், செலவுப் பழக்கம் என்பது கெட்ட மனிதர்களிடம் மட்டும் இருக்கும் நோய் என்று நாம் நினைக்கிறோம். ஐந்து வேளை தொழுபவரிடமும் அது இருக்கலாம். ஹலாலான வழியில் சம்பாதிக்கிறேன், ஹலாலான பொருளைத்தானே வாங்குகிறேன் என்று மனம் சமாதானம் சொல்லிக்கொண்டே இருக்கும்.

மாறிய நாள்

ஹிஜ்ரி 99, ஸஃபர் மாதம். கிறிஸ்தவ ஆண்டு 717. சிரியாவின் வடக்கே தாபிக் என்ற இடத்தில் கலீஃபா ஸுலைமான் பின் அப்துல் மலிக் மரணமடைந்தார். அவர் முத்திரையிட்டு விட்டுச் சென்ற கடிதத்தை, அவருடைய ஆலோசகராக இருந்த அறிஞர் ரஜாஉ பின் ஹய்வா மக்கள் முன் பிரித்தார். அடுத்த கலீஃபாவாக உமர் பின் அப்துல் அஸீஸ் அவர்களின் பெயர் அதில் இருந்தது. அந்தப் பதவியை அவர்கள் கேட்கவும் இல்லை, விரும்பவும் இல்லை.

அடக்கம் முடிந்து திரும்பும்போது, கலீஃபாவுக்கென்று இருக்கும் அலங்கரித்த குதிரைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இவை என்ன என்று கேட்டார்கள். புதிய கலீஃபா ஏறிச் செல்லும் வாகனங்கள் என்றார்கள். அவற்றைத் தள்ளிவிட்டு, தம்முடைய கோவேறு கழுதையைக் கொண்டுவரச் சொல்லி அதில் ஏறினார்கள். கலீஃபாவுக்கென்று அடிக்கப்பட்ட கூடாரங்கள், விரிப்புகள் எதையும் ஏற்கவில்லை. அனைத்தையும் விற்று, பணத்தைப் பைத்துல் மாலில் சேர்க்க உத்தரவிட்டார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் தள்ளிப் போடவில்லை. பதவி ஏற்ற அன்றே, முதல் வாகனத்திலிருந்தே ஆரம்பித்தார்கள். நம்மில் எத்தனை பேர் அடுத்த மாதச் சம்பளத்திலிருந்து சேமிக்கப் போகிறேன் என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

அதற்குப் பிறகு தம்முடைய நிலங்களின் பக்கம் திரும்பினார்கள். உமைய்யா குடும்பத்தாருக்கு முந்தைய ஆட்சியாளர்கள் வழங்கிய நிலங்கள் ஏராளம். அவற்றில் அவர்களுக்கும் பங்கு இருந்தது. மக்களைப் பள்ளிவாசலில் கூட்டி, அந்த நிலப் பத்திரங்களை ஒவ்வொன்றாகத் தம் உதவியாளர் முஸாஹிம் வாசிக்க, ஒவ்வொன்றையும் கத்தரித்துப் போட்டார்கள். தம்மிடம் எப்படி வந்தது என்பதில் சந்தேகம் உள்ள சொத்து தமக்கு வேண்டாம் என்று விட்டார்கள். இதனால் அவர்களுடைய வருட வருமானம் பல்லாயிரம் தீனார்களிலிருந்து சில நூறு தீனார்களாகச் சுருங்கியது.

மனைவி ஃபாத்திமாவிடம் அவருடைய தந்தை கொடுத்த விலை உயர்ந்த நகை ஒன்று இருந்தது. அதைப் பைத்துல் மாலில் சேர்ப்பதா, தம்மோடு இருப்பதா என்று முடிவு செய்யும்படி மனைவியிடமே விட்டார்கள். கலீஃபாவின் மகள், கலீஃபாவின் சகோதரி, கலீஃபாவின் மனைவியான அந்த அம்மையார் நகையை விட்டுவிட்டுக் கணவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

காகிதத்திலும் கணக்கு

பெரிய சொத்தை ஒரே நாளில் விடுவதுகூடச் சுலபம். உணர்ச்சி வேகத்தில் செய்துவிடலாம். தினமும் சின்ன விஷயங்களில் கவனமாக இருப்பதுதான் கஷ்டம். உமர் (ரஹ்) அவர்களின் உண்மையான சிக்கனம் அங்கேதான் தெரிகிறது.

அவர்கள் காலத்தில் மதீனாவின் ஆளுநராக இருந்தவர் அபூபக்ர் பின் ஹஸ்ம். அவர் கலீஃபாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். முந்தைய ஆளுநர்களுக்கு இரவில் வெளியே செல்லும்போது வெளிச்சத்துக்காக மெழுகுவர்த்திகள் கொடுக்கப்பட்டன, எழுதுவதற்குக் காகிதங்கள் கொடுக்கப்பட்டன, எனக்கும் அந்த ஒதுக்கீடு வேண்டும் என்று கேட்டார். நியாயமான கோரிக்கைதான். அரசாங்க வேலைக்குத்தான் கேட்டார்.

கலீஃபாவின் பதில் எப்படி இருந்தது? நீங்கள் ஆளுநராவதற்கு முன்பு மழை பெய்யும் இருட்டு இரவுகளில் விளக்கில்லாமல் வீட்டிலிருந்து வெளியே போய் வந்ததை நான் அறிவேன், இன்று உங்கள் நிலை அன்றைவிட நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைவூட்டினார்கள். காகிதத்தைப் பற்றி அவர்கள் சொன்னது இன்னும் நுட்பமானது. எழுதுகோலின் முனையைக் கூர்மையாக்கிக்கொள்ளுங்கள், வரிகளை நெருக்கி எழுதுங்கள், பல தேவைகளை ஒரே தாளில் சேர்த்து எழுதுங்கள் என்று வழி சொல்லிக் கொடுத்தார்கள்.

அன்றைய காகிதம் எகிப்திலிருந்து வரும் நாணல் தாள். விலை அதிகம். ஆனாலும் சிந்துவிலிருந்து ஸ்பெயின் வரை பரவிய ஓர் ஆட்சிக்கு ஒரு நகரத்தின் காகிதச் செலவு பெரிய விஷயமா? இல்லை. ஆனால் அந்தக் காகிதம் மக்களின் பணம். ஒரு தாள் வீணாவது அவர்கள் கண்ணில் மக்களின் உரிமை வீணாவதாகவே தெரிந்தது.

குளிர்காலத்தில் பணியாளர் அவர்களுக்கு உளூவுக்கு வெந்நீர் கொண்டுவந்து கொடுப்பார். சில நாட்கள் கழித்து, இந்தத் தண்ணீரை எங்கே சூடாக்குகிறாய் என்று கேட்டார்கள். பொது மக்களுக்குச் சமைக்கும் அடுப்பில் என்றார் அவர். உடனே, இத்தனை நாள் சூடாக்கியதற்கு எவ்வளவு விறகு ஆகியிருக்கும் என்று கணக்குப் போடச் சொல்லி, அந்த விறகின் விலையைச் சமையல் கூடத்துக்குக் கொடுத்தார்கள்.

ஒரு முறை தேன் சாப்பிட ஆசைப்பட்டார்கள். மனைவி ஒருவரிடம் பணம் கொடுத்து, அரசாங்கத் தபால் குதிரையில் பஅல்பக் நகரத்துக்கு அனுப்பித் தேன் வாங்கி வரச் செய்தார்கள். விஷயம் தெரிந்ததும் கலீஃபா அந்தத் தேனை விற்கச் சொன்னார்கள். மனைவி போட்ட பணத்தை மனைவியிடம் திருப்பிக் கொடுத்தார்கள். மீதியைப் பைத்துல் மாலில் சேர்த்தார்கள். தம்முடைய ஆசைக்காக முஸ்லிம்களின் குதிரை களைத்துவிட்டதே என்று வருந்தினார்கள்.

பிள்ளைகளுக்கும் அதே பாடம்

சிக்கனம் வீட்டில் ஒருவர் மட்டும் கடைப்பிடித்தால் நிற்காது. அவர்களுடைய மகன் ஒருவர் ஆயிரம் திர்ஹம் கொடுத்து மோதிரக் கல் ஒன்றை வாங்கினார். செய்தி கேட்ட தந்தை கடிதம் எழுதினார்கள். அந்தக் கல்லை விற்று, அந்தப் பணத்தில் பசித்திருக்கும் ஆயிரம் பேருக்கு உணவு கொடு, உனக்கு இரும்பில் ஒரு மலிவான மோதிரம் செய்துகொள், தன் அளவை அறிந்து நடப்பவருக்கு அல்லாஹ் கருணை காட்டட்டும் என்ற கருத்தை அதில் பொறித்துக்கொள் என்பதே அந்தக் கடிதத்தின் சாரம்.

ஓர் இரவு மகள்களைப் பார்க்கப் போனார்கள். பிள்ளைகள் கையால் வாயை மூடிக்கொண்டார்கள். ஏன் என்று கேட்டபோது, வீட்டில் பருப்பும் வெங்காயமும் தவிர வேறு எதுவும் இல்லை, அந்த வாடை உங்களுக்கு வரக் கூடாது என்று மூடிக்கொண்டார்கள் என்று பதில் வந்தது. தந்தை அழுதுவிட்டார்கள். கல் நெஞ்சக்காரராக இருந்து அவர்கள் இப்படி வாழவில்லை. பிள்ளைகளின் கஷ்டம் அவர்கள் நெஞ்சைத் தொட்டது. ஆனாலும் மக்களின் பணத்தில் கை வைக்கவில்லை.

கஞ்சத்தனம் வேறு, சிக்கனம் வேறு

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். இது கஞ்சத்தனம் இல்லையா? இல்லை. கஞ்சன் பிறருக்குக் கொடுக்கும் இடத்தில் கையை மூடுவான். உமர் (ரஹ்) அவர்கள் தமக்குச் செலவழிக்கும் இடத்தில்தான் கையை மூடினார்கள்.

தம்முடைய அதிகாரிகள் வாழ்க்கைச் செலவுக்குக் கஷ்டப்பட்டு லஞ்சத்தின் பக்கம் போய்விடக் கூடாது என்று தாராளமான சம்பளம் கொடுத்தார்கள். பயணிகள் தங்குவதற்குச் சத்திரங்கள் கட்டும்படி தூர கிழக்கே ஸமர்கந்தின் ஆளுநருக்கு எழுதினார்கள். வழிப்போக்கருக்கு ஒரு பகலும் ஓர் இரவும் உணவு கொடுக்க வேண்டும், அவருடைய கால்நடையைக் கவனிக்க வேண்டும், நோயாளியாக இருந்தால் இரண்டு நாள் வைத்துக்கொள்ள வேண்டும், கையில் பணமின்றித் தவிப்பவரை ஊர் போய்ச் சேர வைக்க வேண்டும் என்பது உத்தரவு. எழுதுகோலின் முனையைக் கூர்மையாக்கச் சொன்ன அதே கலீஃபாதான் இந்த உத்தரவையும் எழுதினார்கள்.

ரஹ்மானின் அடியார்கள் செலவழிக்கும்போது வீண்விரயமும் செய்ய மாட்டார்கள், கஞ்சத்தனமும் காட்ட மாட்டார்கள், இரண்டுக்கும் நடுவே நிற்பார்கள் என்ற கருத்தை ஸூரத்துல் ஃபுர்கானில் ஓதுகிறோம். அந்த நடுநிலை எப்படி இருக்கும் என்பதை இவர்களுடைய வாழ்க்கையில் பார்க்கிறோம்.

மிச்சமான பணம் எங்கே போனது?

அன்பிற்குரியவர்களே! மிச்சம் பிடிப்பது பாதி வேலைதான். மிச்சம் பிடித்ததை எங்கே வைக்கிறோம் என்பது மறு பாதி.

இராக்கின் நிர்வாகி கலீஃபாவுக்கு எழுதினார். மக்களுக்குக் கொடுக்க வேண்டிய உதவித் தொகைகளைக் கொடுத்துவிட்டேன், பைத்துல் மாலில் இன்னும் பணம் இருக்கிறது என்றார். அப்படியானால், வீண்விரயமோ ஊதாரித்தனமோ இல்லாமல் கடன்பட்டவர்களைத் தேடி அவர்கள் கடனை அடையுங்கள் என்று பதில் வந்தது. அதையும் செய்துவிட்டேன், இன்னும் பணம் இருக்கிறது என்று எழுதினார். திருமணம் செய்ய விரும்பியும் வசதியில்லாத இளைஞருக்கு மஹர் கொடுத்து மணமுடித்து வையுங்கள் என்று பதில் வந்தது. அதுவும் முடிந்தது, இன்னும் இருக்கிறது என்றார். நிலத்தில் பயிர் செய்ய முடியாமல் தவிக்கும் முஸ்லிமல்லாத விவசாயிகளுக்குக் கடனாகக் கொடுங்கள், அவர்கள் தங்கள் நிலத்தைப் பண்படுத்தட்டும் என்று உத்தரவு வந்தது.

இந்தச் செய்தியில் கடனைப் பற்றிய அந்த நிபந்தனையை நன்றாகக் கவனியுங்கள். எல்லாக் கடனையும் அடைக்கச் சொல்லவில்லை. நோய்க்காக, பசிக்காக, தொழில் நொடித்ததால் கடன்பட்டவருக்குப் பைத்துல் மால் கதவு திறந்தது. ஊர் மெச்ச வேண்டும் என்று கடன் வாங்கியவருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. பணம் நிரம்பி வழிந்த காலத்திலும் திறக்கவில்லை. இன்று நம் வீடுகளில் இருக்கும் கடன்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், எத்தனை கடன் முதல் வகை, எத்தனை கடன் இரண்டாவது வகை? மண்டபத்தின் அலங்காரத்துக்கு வாங்கியது எவ்வளவு? பக்கத்து வீட்டில் வாங்கினார்கள் என்பதற்காகத் தவணையில் வாங்கியது எவ்வளவு? நாமே நம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

ஒரே சட்டை

இரண்டு வருடமும் சில மாதங்களும்தான் ஆட்சி செய்தார்கள். ஹிஜ்ரி 101, ரஜப் மாதத்தில், சிரியாவின் தைர் ஸம்ஆன் என்ற இடத்தில் நோயுற்றிருந்தார்கள். வயது நாற்பதை ஒட்டித்தான் இருக்கும். மைத்துனர் மஸ்லமா பார்க்க வந்தார். கலீஃபாவின் சட்டை அழுக்காக இருப்பதைக் கண்டு, மக்கள் பார்க்க வருகிறார்களே, துவைத்துப் போடக் கூடாதா என்று தம் சகோதரி ஃபாத்திமாவிடம் கேட்டார். அவரிடம் வேறு சட்டை இல்லை என்றார்கள் அந்த அம்மையார். முப்பது ஒட்டகச் சுமையோடு மதீனாவுக்கு வந்த மனிதரின் கடைசி நாட்கள் இவை.

அடக்கம் செய்யும் இடத்தையும் அந்த ஊர்க்காரரிடம் விலை கொடுத்தே வாங்கினார்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் விட்டுச் சென்றது மொத்தம் 17 தீனார்கள் என்றும், கஃபனுக்கும் கப்ருக்கும் போக மீதியே பங்கிடப்பட்டது என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. அடுத்து கலீஃபாவான யஸீத், சகோதரி ஃபாத்திமாவிடம் அந்த நகையைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தார். கணவர் உயிரோடு இருக்கும்போது விட்டுக் கொடுத்ததை அவர் இறந்த பிறகு எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள்.

நாம் என்ன செய்வது?

பிள்ளைகளுக்கு எதுவும் வைக்காமல் போக வேண்டும் என்று இதிலிருந்து யாரும் புரிந்துகொள்ளக் கூடாது. அவர்கள் ஆட்சியாளராக இருந்தார்கள். சந்தேகமான சொத்தை மக்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். நம்முடைய நிலை வேறு. ஸஃது பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது சொத்து முழுவதையும் தர்மம் செய்ய விரும்பினார்கள். நபி (ஸல்) அவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அனுமதிக்கவில்லை. வாரிசுகள் பிறரிடம் கையேந்தும்படி விட்டுச் செல்வதைவிட அவர்களைத் தன்னிறைவோடு விட்டுச் செல்வது சிறந்தது என்று வழிகாட்டினார்கள். குடும்பத்துக்கு ஒரு வருட உணவைச் சேர்த்து வைத்த செய்தியும் நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் உண்டு. ஆகவே ஹலாலான சேமிப்பு தவக்குலுக்கு எதிரானது இல்லை.

உமர் (ரஹ்) அவர்களின் வாழ்விலிருந்து நாம் இன்றைக்கே எடுத்துக்கொள்ளக் கூடியவை நான்கு.

முதலாவது, இன்றே ஆரம்பிப்பது. அலங்காரக் குதிரையை விட்டுவிட்டுச் சொந்தக் கோவேறு கழுதையில் ஏறியது போல, இன்று விடக்கூடிய ஒரு செலவை இன்றே விடுங்கள்.

இரண்டாவது, கணக்கு எழுதுவது. விறகுக்குக் கணக்குப் போட்டவர்களின் வாழ்வைக் கேட்டுவிட்டு, நம் மாதச் செலவு தெரியாமல் இருப்பது சரியில்லை. ஒரு நோட்டில் ஒரு மாதம் தினமும் எழுதிப் பாருங்கள். பணம் எந்த ஓட்டையில் ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, பல தேவைகளை ஒரே தாளில் சேர்ப்பது. கடைக்கு நான்கு முறை போனால் நான்கு முறை தேவையில்லாததையும் வாங்கி வருவோம். எழுதிக்கொண்டு ஒரு முறை போங்கள்.

நான்காவது, மிச்சமாவதற்குப் பெயர் வைப்பது. இது கடனை அடைக்க, இது அவசரத்துக்கு, இது பிள்ளையின் படிப்புக்கு, இது ஹஜ்ஜுக்கு, இது ஸதகாவுக்கு என்று பணம் கைக்கு வந்த அன்றே பிரித்து வையுங்கள். தொகை சின்னதாக இருக்கலாம். நூறு ரூபாயாக இருக்கலாம். தொடர்ந்து செய்யும் அமல் சிறிதாக இருந்தாலும் அல்லாஹ்வுக்குப் பிரியமானது என்பது நாம் அறிந்ததே. சேமிப்புப் பழக்கமும் அப்படித்தான் வளரும். நிஸாபை அடைந்து வருடம் பூர்த்தியானால் அதற்குரிய ஜகாத்தையும் மறந்துவிடக் கூடாது.

சகோதரர்களே! செல்வத்தை எப்படிச் சம்பாதித்தாய், எதில் செலவழித்தாய் என்ற இரண்டு கேள்விகள் மறுமையில் நமக்காகக் காத்திருக்கின்றன. பெரும் ஆட்சியைக் கையில் வைத்திருந்த ஒருவர் காகிதத்துக்கும் விறகுக்கும்கூடப் பதிலைத் தயாராக வைத்திருந்தார்கள். நாமும் நம்முடைய சின்ன வருமானத்துக்காவது பதிலைத் தயார் செய்துகொள்வோம்.

வல்ல அல்லாஹ் நம்முடைய சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்வானாக! வீண்விரயத்திலிருந்தும் கஞ்சத்தனத்திலிருந்தும் நம்மைப் பாதுகாப்பானாக! கடனில் தவிப்பவர்களின் கடனை அடைப்பதற்கு வழி திறப்பானாக! நம் பிள்ளைகளை யாரிடமும் கையேந்தாதவர்களாக, கொடுக்கும் கை உடையவர்களாக ஆக்குவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.